ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள்

எனக்கு முதன்முதலில் அநியாயம் செய்தவர் ஞானப்பிரகாசம் வாத்தியார். மற்றவர்களெல்லாம் அவருக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றவர்கள். என் அய்யா, என் மைத்துனன் சண்முகவேல், அச்சாபீஸ் முதலாளி, இப்போது அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கும் டாக்டர். நாலாம் வகுப்பில் நான் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுகிறேன் என்று என் அரைஞாண் கயிற்றில் சணலை முடிந்து மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டினார். உடம்பைக் கட்டியாச்சு, இவன் புத்தியை எதில் கட்ட என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். வகுப்பு சிரித்தது. மூத்திரம் முட்டியபோது அவிழ்த்துவிடச் சொல்ல வெட்கமாக இருந்தது, நின்ற இடத்திலேயே போனேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. அவர் செத்தபோது எழவு வீட்டுக்குப் போனேன், மாலை வாங்காமல் போனேன். கால்மாட்டில் நின்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே செய்யாதவர் மாதிரி மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. செய்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் எனக்கும் பாதி மறந்துபோகும். ஒன்றை நினைத்துக் கோபப்பட ஆரம்பித்தால் கோபம் முடிவதற்குள் வேறு எதற்கோ போய்விடுவேன். இந்த மாத்திரை வந்த பிறகு எதுவும் போகமாட்டேன் என்கிறது. பிடித்தது பிடித்தபடி நிற்கிறது. மனசை ஓர் இடத்தில் நிறுத்தும் மாத்திரை என்று என் மகள் கற்பகம் சொன்னாள். எந்த இடத்தில் நிறுத்தும் என்று சொல்லவில்லை. இந்த மதுரை வெயிலில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் கழுத்து வேர்க்கிறது, விரல் நுனி மட்டும் ஐஸில் வைத்த மாதிரி குளிர்கிறது. அதுவும் மாத்திரைதான். கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்துக்கொள்கிறேன். ஒரு நாற்காலி தள்ளி சீனியம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். என் பெண்டாட்டி. எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற நாற்காலியில் அவள் பை.

அந்தப் பையைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவகாசியில் பஸ் ஏறும்போது நான் தூக்கப் போனேன், வேண்டாம் என்று அவளே தூக்கிக்கொண்டாள். கற்பகத்தின் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க வேண்டுமாம், கற்பகம் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறாளாம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம், கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறாளாம். ஆஸ்பத்திரிக்கு எனக்குத் துணையாக வந்த மாதிரியும் ஆச்சு, அப்படியே இங்கிருந்து மகள் வீட்டுக்குப் போன மாதிரியும் ஆச்சு. எல்லாம் சரி. ஆனால் அந்தப் பையில் அரிவாள்மனை இருக்கிறது. பழைய சேலையைச் சுற்றி, மேலே துண்டு போட்டு, அடியில் வைத்திருக்கிறாள். துணி மடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றேன், பார்த்துவிட்டேன். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிற பொம்பிளை அரிவாள்மனையைக் கொண்டுபோவாளா. கற்பகம் வீட்டில் கத்தி இருக்கிறது, காய் நறுக்கப் பலகை இருக்கிறது. கல்யாணத்துக்கு அவள் அம்மா வீட்டில் கொடுத்த அரிவாள்மனை அது. வந்த நாளிலிருந்து அடுப்படியில் அதே மூலையில்தான் கிடந்தது. இன்று காலை அந்த மூலையில் சிமெண்டுத் தரையில் அதன் தடம் மட்டும் இருந்தது. கேட்டிருக்கலாம். அரிவாள்மனை எதுக்கு என்று ஒரு வார்த்தை. நான் ஏன் கேட்க வேண்டும். அவள் அல்லவா என்னைக் கேட்டிருக்க வேண்டும். தீபாவளி முடிந்ததிலிருந்து அவள் கேட்பாள் கேட்பாள் என்று நான் இருக்கிறேன். என்ன ஆச்சு உங்களுக்கு என்று கேட்டால் சொல்லிவிடுவேன். வாய் வரைக்கும் வைத்திருக்கிறேன். அவள் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கிறாள். தப்பான பதில்.

டிவியில் சத்தமில்லாமல் ஒரு பெண் செய்தி வாசிக்கிறாள். எதிரில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், கழற்றுகிறார். இவருக்கும் என் சீக்குதானா. சீக்கு இல்லப்பா என்பாள் கற்பகம். ஏடிஹெச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத குறையாம். படிப்பு வராத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். இந்த எழுத்துகளை அங்கே கற்றுக்கொண்டாள். நான் சாமி படத்தை வெட்டினேனே, அன்றைக்குத்தான் அதைக் கொண்டுவந்து என் தலையில் ஒட்டினாள். காலண்டர் சீசன், ஆவணி மாதம். கட்டிங் மிஷினில் நான்தான். தாளைத் தட்டி ஒரு சேர அடுக்கி, பின்பக்கம் முட்டக் கொடுத்து, இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அமுக்கினால் கத்தி இறங்கும். அன்றைக்குப் பக்கத்து ஆபீஸில் ஒரு மோட்டார் புதுவிதமாக முனகியது. பேரிங் போயிருக்குமோ என்று நினைத்தேன். அந்தப் பேரிங்கிலிருந்து சண்முகவேலின் மோட்டார் சைக்கிள், அதிலிருந்து அவன் என் கல்யாணப் பந்தலில் என்னைப் பார்த்து, மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்க்ரூ லூசோ என்று சொன்னது, அதிலிருந்து எங்கேயோ. கத்தி இறங்கி ஏறியபோதுதான் திரும்பி வந்தேன். அடுக்கைத் திருப்பி வைத்திருக்கிறேன். லட்சுமி படம். ஒரு கட்டு முழுவதும் கழுத்தோடு போயிருந்தது. ஒரு பக்கம் முகங்களாக ஓர் அடுக்கு, இன்னொரு பக்கம் தாமரையும் கையுமாக ஓர் அடுக்கு. வெட்டுப்பட்ட சாமியைக் கழிவுக் காகிதத்தோடு எடைக்குப் போட எங்கள் ஊரில் யாரும் துணியமாட்டார்கள். முதலாளி கற்பூரம் கொளுத்தி, என்னையே சுமக்கச் சொல்லி, கண்மாயில் கொண்டுபோய் முக்கச் சொன்னார். தாள் முங்கவே இல்லை. முகம் முகமாக மிதந்தது. திரும்பி வந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னார்: “உன் விரல் போயிருந்தாக்கூட நான் இம்புட்டு வருத்தப்பட்டிருக்க மாட்டேன்யா.” விரல். என் விரல். இந்தக் கையில் இருக்கிற பத்தும் அவருக்கு ஒரு கட்டு லட்சுமிக்குக் கீழே. அதையும் வரிசையில் வைத்திருக்கிறேன். வைத்தியம் பார்த்துட்டு வந்தா மிஷின் பக்கம் வா, இல்லேன்னா பேக்கிங்கில் பொம்பிளையாட்களோட உட்காரு என்றார். கற்பகம் மறுநாளே லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்பாவைச் சின்ன வயசிலேயே யாராவது கண்டுபிடித்திருந்தால் என்று அழுதாள்கூட. கண்டுபிடித்தார்களே, சணலால் கட்டினார்களே என்று நான் சொல்லவில்லை.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. போட்டு அரை மணி நேரத்தில் தலைக்குள் கத்திக்கொண்டிருந்த சந்தைக் கடை மூடிவிடும். இத்தனை வருஷம் அது சந்தை என்றே எனக்குத் தெரியாது, எல்லார் தலையும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் மிஷின் முன்னால் நின்று அந்த அமைதிக்குப் பயந்தேன். காது அடைத்துவிட்டதோ என்று தலையைத் தட்டிப் பார்த்தேன். அப்புறம் வெட்டினேன், ஒரு மயிரிழை பிசகவில்லை. முதலாளி தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். பசி போயிற்று. சீனியம்மாள் போட்ட சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுவேன். சரியில்லையா என்று அவள் கேட்டாள், நல்லாருக்கு, பசிக்கலை என்றேன். அதையும் வேறுமாதிரி எடுத்துக்கொண்டாள் என்று இப்போது தெரிகிறது. அப்புறம் அது போயிற்று. எப்போது போயிற்று என்று சொல்ல முடியவில்லை. விடியற்காலையில் தானாக எழுந்து நிற்பது நின்றுபோனது முதலில். கரண்டு போன வீட்டில் ஃபேன் நின்றது உடனே தெரியாது, வேர்த்த பிறகுதான் தெரியும், அந்த மாதிரி. வயசு என்று நினைத்தேன். அய்யாவுக்கு என் வயசில் ஒரு கைப்பிள்ளை இருந்தது. சர்க்கரை என்று நினைத்தேன். போன வருஷம் பார்த்தபோது எல்லையில் இருக்கிறது என்றார்கள். எல்லை என்றால் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா. பயம் என்று நினைத்தேன். மாத்திரைதான் என்று நினைத்தேன். மாத்திரையாக இருந்தால் டாக்டர் சொல்லியிருப்பாரே. வாய் உலரும், பசி குறையும், தூக்கம் கெடும் என்று எல்லாம் சொன்னார், கற்பகம் ஒவ்வொன்றாக எனக்குத் தமிழில் சொன்னாள். இது மட்டும் இல்லை. அப்படியானால் மாத்திரை இல்லை. அப்படியானால் நான்தான். மறுபடி வயசுக்கு வருவேன். அங்கிருந்து மறுபடி சர்க்கரை.

ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான். ஆபீஸ் லீவு. காலையில் கறி எடுத்து வருவேன், அவள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாள், சாப்பிட்டு முடித்ததும் வாசல் கதவைச் சாத்தி ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பிறகு வந்த பழக்கம். அந்த வயசில் இது எங்களுக்குக் கிடைத்தது என்று இரண்டு பேருக்குமே ஒரு கூச்சம், ஒரு திருட்டுச் சிரிப்பு. என் புத்தி அப்போதும் நிற்காது. அவள்மேல் கை வைத்தபடியே மேலே உத்தரத்தில் பல்லி எங்கே போனது என்று பார்ப்பேன், மோட்டாரை நிறுத்தினேனா என்று நினைப்பேன். என் காதைப் பிடித்துத் திருகி, “எங்க போனீக, இங்கிட்டு வாங்க” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துகொண்டே இருந்தாள். மாத்திரை வந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் ஞாயிறு, தீபாவளி முடிந்து, நான் எங்கேயும் போகவில்லை. முதன்முதலாக அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கிறது, முடி முளைக்காத கோடு. இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியாது. வயிற்றில் புதுத் தழும்பு, இன்னும் சிவப்பு ஆறாதது. எல்லாம் பார்த்தேன். மனசு அவ்வளவும் அங்கேயே இருந்தது. உடம்பு வரவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் கிடந்தேன். அவள் என்ன நினைத்தாள். முன்பு இவர் எங்கேயாவது பார்த்துக்கொண்டிருந்தார், எல்லாம் நடந்தது. இப்போது என்னைப் பார்க்கிறார், பார்த்ததும் எல்லாம் நின்றுவிட்டது. அப்படித்தானே நினைப்பாள். சேலையை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டாள். காதைப் பிடிக்கவில்லை.

கர்ப்பப்பையை எடுத்து அப்போது இரண்டு மாதம் இருக்கும். உதிரம் நிற்காமல் போய், எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். டாக்டரம்மா தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார், ஆறியதும் எல்லாம் பழையபடி என்று. ஆனால் பார்க்க வந்த அவள் அக்கா, சண்முகவேலுக்கு மூத்தவள், ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுக் கட்டில் பக்கத்தில் குனிந்து, இனிமே ஆம்பளைக்கு நம்மமேல நெனப்பு போயிரும், அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது என்று சொன்னாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் இட்லிப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டில் எல்லாருக்கும் வாய் அப்படி. நான் உள்ளே போய், அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மனசில் வைத்துக்கொண்டேன். நான் காட்டுகிறேன் என்று வைத்துக்கொண்டேன். அந்த அக்கா சொன்னதை நானே நிஜமாக்கிக் கொடுத்தேன். ஒரு நாள் கஞ்சி வடித்துக்கொண்டே, என்னிடம் சொல்லாத மாதிரி பானையிடம் சொன்னாள், “எனக்குத்தான் இனிமே ஒண்ணுமில்லையே” என்று. நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. அவள் என்னிடம் கேட்கவில்லை, பானையிடம் சொன்னாள். பானை பதில் சொல்லட்டும் என்று போய்விட்டேன். அதற்குப் பிறகு ரேடியோ போடுவதை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள், கூலிக்குக்கூட இல்லை, சும்மா ஒத்தாசைக்கு.

நான் ஒன்றும் செய்யாமல் இல்லை. பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சுவரில் போஸ்டர் இருக்கும், ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி, வைத்தியர் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் என்று. போனேன். மாடிப்படியில் வரிசையாக ஆட்கள், எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு. எனக்கு முன்னால் நின்றவன் முதுகு தெரிந்த முதுகாக இருந்தது. திரும்பினான். எங்கள் ஆபீஸ் பைண்டிங் சுந்தரபாண்டி. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். என்ன அண்ணே இங்கிட்டு என்றான். மூட்டு வலி என்றேன். எனக்கும் மூட்டுதான் என்றான். இருவரும் மூட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு ஒன்றாகவே படியிறங்கி வந்துவிட்டோம். அப்புறம் ஒரு ஞாயிறு மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கறி எடுத்து வந்தேன், நானே ரேடியோவைப் போட்டேன், போகாத இருடீ என்று கையைப் பிடித்தேன். உடம்பு பாதி வந்தது. ஆனால் சந்தைக் கடையும் திறந்துவிட்டது. கறிக்கடைக்காரன் எடையில் ஏமாற்றினானா, அந்தப் பைண்டிங்காரன் யாரிடமாவது சொல்லியிருப்பானா, சொல்லியிருந்தால் எந்த வாயால் சொல்லியிருப்பான். திரும்பி வந்தபோது அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். கண்ணீர் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. பாதி வந்ததும் போயிற்று. மாத்திரை போட்டால் நான் இருக்கிறேன், அது இல்லை. போடாவிட்டால் அது கொஞ்சம் இருக்கிறது, நான் இல்லை. இதை எந்த டாக்டரிடம் சொல்ல. இந்த டாக்டரிடம்தான். ஆனால் அந்த அறைக்குள் நானும் கற்பகமும்தான் போவோம். ஒருத்தர்தான் கூட வரலாம், இங்கிலீஷ் தெரிந்தவள் அவள், ஆகவே அவள். டாக்டர் அவளிடம் பேசுவார், அவள் டாக்டரிடம் பேசுவாள், நான் நடுவில் மேசை மாதிரி இருப்பேன். மகளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியுமா. என் அரைஞாணைப் பிடித்துக் குளிப்பாட்டிவிட்டது என் அம்மா, அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. இன்று சொல்லாவிட்டால் சீனி அரிவாள்மனையோடு போய்விடுவாள். போனால் அவளாக வரமாட்டாள். எனக்குத் தெரியும். அவளும் என்னைப் போலத்தான், கூப்பிடட்டும் என்று இருப்பாள். சண்முகவேல் தங்கச்சி அல்லவா.

இருளப்பன், யாரு இருளப்பன் என்று நர்ஸ் கூப்பிட்டாள். கற்பகம் கீழே போன் பேசிக்கொண்டிருந்தவள் ஓடி வந்தாள். வாங்கப்பா என்று முன்னால் போனாள். சீனி பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். உள்ளே குளிர். டாக்டர் சின்னப் பையன், என் மகன் வயசு, கண்ணாடி. எப்படி இருக்கீங்க அய்யா என்று என்னைக் கேட்டுவிட்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார், கற்பகம் பதில் சொன்னாள். நல்ல மாற்றமாம், முதலாளியே போனில் சொன்னாராம், சாயங்காலம் ஆனால் மட்டும் பழையபடி கவனம் சிதறுகிறதாம். அதை இவளிடம் யார் சொன்னது, முதலாளியா. எனக்குத் தெரியாமல் என் சாயங்காலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கற்பகம் எனக்குச் சொன்னாள், கூடக் கொஞ்சம் ஏத்திக் கொடுப்பாராம், சாயங்காலம் வரைக்கும் நிக்குமாம். ஏற்றுவது. இன்னும் ஏற்றுவது. சாயங்காலம் வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், மிச்சமிருப்பதும் போகிற வரைக்கும். டாக்டர் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். விரல் நுனி குளிர்ந்து மரத்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என் குரல் மாதிரியே இல்லை.

“கற்பகம், நீ கொஞ்சம் வெளிய இரு.”

அவள் எழுந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. நான் தும்மினால்கூட ஏன் எதுக்கு என்று கேட்கிறவள், நாற்காலியின் கீழே கிடந்த குடையைக்கூட எடுக்காமல், என் முகத்தைப் பார்க்காமல், விடுவிடென்று போனாள். காத்திருந்த மாதிரிப் போனாள். கதவு மெதுவாகத் தானே மூடிக்கொண்டது. டாக்டர் பேனாவை வைத்தார். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை, மேசைமேல் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், வீட்ல சேர முடியலைங்க, மாத்திரைக்கு அப்புறந்தான் என்று. அவர் சிரிக்கவில்லை. தலையாட்டினார். இது எல்லாருக்கும் வராது, சிலருக்கு வரும் என்றார். இந்த மாத்திரை ரத்தக் குழாயைச் சுருக்கும், அதனால்தான் விரலும் குளிர்கிறது, ஆசையையும் சிலருக்கு மந்தமாக்கும், ஆனால் சர்க்கரையும் பிரஷரும் மனக்கவலையும்கூட இதே வேலையைச் செய்யும், எது என்று பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். ரத்தம் பார்க்கச் சொன்னார். அளவைக் குறைத்துப் பார்க்கலாம், சரிவராவிட்டால் வேறு மாத்திரை இருக்கிறது, நீங்களாக நிறுத்திவிட்டு மிஷினில் நிற்காதீர்கள் என்றார். வீட்டம்மாவையும் ஒரு தரம் கூட்டி வாங்க, அவங்களும் தெரிஞ்சுக்கிடணும் என்றார். எல்லாம் சாதாரணமாக, வாய் உலரும் என்று சொல்வதுபோல. இத்தனை சாதாரணமாகச் சொல்லக்கூடியதா இது. அப்போது கேட்டேன், இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று. அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார்.

“சொன்னேனே அய்யா. உங்க பொண்ணுகிட்ட அன்னைக்கே விவரமா சொன்னேன். உங்களுக்கு எடுத்துச் சொல்லிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்.”

வாய் உலரும். பசி குறையும். தூக்கம் கெடும். அன்றைக்கு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னது நினைவுக்கு வந்தது, மாத்திரை எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறதே, அப்படியே வந்தது. தூக்கத்துக்குப் பிறகு டாக்டர் இன்னொன்று சொன்னார். கற்பகம் தலையைக் குனிந்து சரி சார் என்றாள். அப்புறம் என்னிடம் திரும்பி, அவ்வளவுதான்பா என்றாள். நானும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டி அந்தச் செய்தி போனது. எனக்கு வரவேண்டியது. என் உடம்பைப் பற்றியது. அவள் கையில் போய் நின்றுவிட்டது. தீபாவளியிலிருந்து இன்றுவரை, அவள் அம்மா பானையிடம் பேசிய நாளிலும், பையில் துணி மடித்து வைத்த நாளிலும், அவளுக்குத் தெரியும்.

வெளியே வந்தேன். கற்பகம் தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்று காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. முதல் நாளே உன்கிட்ட சொன்னாராமே என்றேன், யாருக்கும் கேட்காத குரலில். அவள் காது சிவந்தது. அவள் அம்மா மாதிரியே அவளுக்கும் வெட்கம் காதில்தான் வரும்.

“அத நான் எப்படிப்பா உங்ககிட்ட…”

என்கிட்ட வேண்டாம், உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே என்றேன். பள்ளிக்கூடத்தில் இத்தனை பேருக்கு எடுத்துச் சொல்கிறவள். ஊரான் பிள்ளைக்கு எந்த மாத்திரை என்ன செய்யும் என்று அவன் அம்மாவுக்குச் சொல்கிறவள். அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குள் சீனி பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்து நின்று, என்ன சொன்னாரு என்று கேட்டாள். கேட்டாள். எத்தனை மாதம் நான் காத்திருந்த கேள்வி. ஆனால் கற்பகத்தைப் பார்த்துக் கேட்டாள். நான் ஒரு முழம் தள்ளி நிற்கிறேன், சீக்கு எனக்கு, கேள்வி மகளிடம். சொல்ல வேண்டியவள் அவள். என்னிடம் வந்து சேர வேண்டியதை அமுக்கி வைத்தவள், அவளே எடுத்து அவள் அம்மா கையில் கொடுக்கட்டும். அப்பா மேலே தப்பில்லம்மா, உன் மேலேயும் தப்பில்ல, மாத்திரைம்மா. அவ்வளவுதான். கற்பகம் என்னைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லம்மா. அளவக் கொறச்சிருக்காரு, அவ்வளவுதான்.”

கொறச்சா மிஷின்ல பாத்து நிக்கணும்ல என்றாள் சீனி. அதுவும் அவளிடம்தான் சொன்னாள். நான் ரத்தம் கொடுத்துவிட்டு, கீழே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். அவர்கள் இரண்டு பேரும் ரோட்டில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பை சீனியின் காலடியில் இருந்தது, அரிவாள்மனையின் முனை யாரையும் கிழிக்காமல் உள்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். வெயில் கண்ணில் அடித்தது. சொல்லிவிடலாம். கையை நீட்டினால் தொடுகிற தூரம். ஆட்டோக்காரர் இருக்கிறார், மகள் இருக்கிறாள், ரோடு இருக்கிறது, அதெல்லாம் ஒரு காரணமா. அதெல்லாம் காரணமே இல்லை. நான் ஏன் சொல்ல வேண்டும் என்பதுதான் காரணம். சீனி என்னைப் பார்க்காமல், என் சட்டைப் பட்டனைப் பார்த்துச் சொன்னாள்.

“ஞாயித்துக்கெழமை கறி எடுக்காதீக. ஒத்த ஆளுக்கு எதுக்கு.”

சரி என்றேன். ஆட்டோ போனது.

இப்போது சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். திருமங்கலம் தாண்டிவிட்டது. பக்கத்து இருக்கை காலி. காலையில் போட்டது இறங்கிக்கொண்டிருக்கிறது, தலைக்குள் ஒவ்வொரு கடையாகத் திறக்கிறார்கள். கண்டக்டரின் விசில், வேப்ப மரங்கள், யாரோ உரிக்கிற ஆரஞ்சின் வாடை, புருவத்தில் முடி முளைக்காத அந்தக் கோடு, அது எப்படி வந்தது என்று ஒரு நாள் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க. போன் அடித்தது. கற்பகம். வீட்டுக்கு வந்துட்டோம்பா என்றாள். ம் என்றேன். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது, சீனிதான், போனதும் அடுப்படிக்குள் நுழைந்திருப்பாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கற்பகமும் வைக்கவில்லை. வேற ஒண்ணுமில்லையேப்பா என்றாள். அது நீ சொல்ல வேண்டியது என்றேன். பாத்திரச் சத்தம் நின்றது. அப்பாவா, என்ன சொல்றாரு என்று சீனி தூரத்திலிருந்து கேட்டது எனக்குக் கேட்டது. கற்பகம் பதில் சொல்வாள் என்று நான் இருந்தேன். அவள், சிக்னல் இல்லப்பா, ஒண்ணும் கேக்கலை என்றாள். சிக்னல் இருந்தது. அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தேன், அவள் வைக்கிற வரைக்கும்.